வகுப்பில் கலைச் செயல்திட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கண்காட்சிக்கு என்ன வைக்கலாம்?" என்ற கேள்வியில்தான் பல பள்ளிகளில் கலைத் திட்டம் தொடங்குகிறது. பெரும்பாலான குளறுபடிகளுக்கு வேர் இதுதான். தெர்மாகோலில் நெல்லையப்பர் கோபுரம் என்று முடிவாகிவிடும். வெட்டுவது அப்பா, ஒட்டுவது அக்கா, தூக்கிக்கொண்டு வருவது மட்டும் பிள்ளை. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் களிமண்ணும் பனையோலையும் எளிதாகக் கிடைக்கின்றன. முதல் இரண்டு பாடவேளை பிள்ளைகளைச் சும்மா பிசையவும் மடக்கவும் விடுங்கள். என்ன செய்யலாம் என்பதை அப்புறம் அவர்களோடு பேசி முடிவு செய்யலாம்.

அடுத்த தவறு, பொருளுக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்று பார்க்காமல் பள்ளி நாட்காட்டியை மட்டும் பார்ப்பது. களிமண்ணில் இது உடனே தெரிந்துவிடும். வயலில் வெட்டிய மண்ணை அப்படியே கொடுக்காதீர்கள். கல்லும் வேரும் கிடக்கும் இடத்தில் காயும்போது விரிசல் விடும். காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்பவர்களிடம் பதப்படுத்திய மண் கேட்டுப் பாருங்கள். சுவர் விரல் கனத்தைத் தாண்டினால் வெளியே காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். அதைச் சூளையில் வைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் பொருளும் சேர்ந்து உடையும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் கீறல் விடும். நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். ஆகவே மண் வேலையைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தென்காசிப் பக்கம் என்றால் சாரலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பத்தமடைக்குக் கூட்டிப்போய்ப் பாய் நெசவைக் காட்டுவது அருமையான யோசனை. திரும்பி வந்ததும் "நாமும் கோரைப்பாய் நெய்வோம்" என்று இறங்குவதுதான் தவறு. கோரையைக் கிழித்து, காயவைத்து, ஊறவைத்து, சாயம் ஏற்றி, நீளவாக்கில் கட்டிய பருத்திநூல் பாவில் நெய்கிறார்கள். பட்டுப்போல மடியும் நயமான பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது. வகுப்புக்கு, ஈரத்துணியில் சுற்றிவைத்த பனையோலைக் கீற்றில் ஒரு சாண் சதுரம் பின்னுவதே போதும்.

திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் நிலை நிலையாக இருக்கும் சுவரோவியங்களைப் பார்க்க அனுமதி கிடைத்தால், எல்லாவற்றையும் வரையச் சொல்லாதீர்கள். ஆளுக்கு ஒரு குதிரையோ கப்பலோ போதும், நின்று பார்த்து வரையட்டும். சுவரில் கை வைக்கக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நன்றாக வரைகிற நாலு பேரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் பசை தடவ வைப்பது எனக்குப் பொறுக்காத தவறு. முடிந்த பொருளுக்கு மட்டும் மதிப்பெண் போடுவதால்தான் இப்படி ஆகிறது. முதல் நாளிலிருந்து ஆளுக்கொரு நோட்டு வைத்து, வரைந்து பார்த்தது, மாற்றியது, உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதச் சொல்லுங்கள். பாதி மதிப்பெண் அந்த நோட்டுக்கு. சரி, கண்காட்சி மேசையில் எதை வைப்பது? உடைந்த சட்டியையும் அந்த நோட்டோடு வைக்கலாம்.