ஒரே கம்பத்தில் மூன்று பலகை: மலை வீதியில் எதை எப்படி வாசிப்பது?

கம்பளையில் இருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் ஏ5 வீதியானாலும் சரி, ஹட்டனில் இருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் ஏ7 ஆனாலும் சரி, புது டிரைவர்கள் பலகையைப் பார்க்காமல் போவதில்லை. பார்க்கிறார்கள், ஆனால் கம்பத்தில் ஒன்றுக்குமேல் இருந்தால் எது எதற்கு என்று குழம்பிவிடுகிறார்கள்.

ஒரு கம்பத்தை வைத்தே பழகுவோம். மேலே மஞ்சள் சாய்சதுரத்தில் வளைந்து நெளியும் அம்புக்குறி. அதை ஒட்டி "400 மீ" என்ற சிறிய செவ்வகம். அதற்கும் கீழே சிவப்பு வளையத்துக்குள் 30.

1. எழுத்துக்கு முன் வடிவம்

மஞ்சள் சாய்சதுரம் எச்சரிக்கை. சிவப்பு வளையம் தடை அல்லது கட்டுப்பாடு. நீல வட்டம் கட்டாயம் செய்யவேண்டியது. எண்கோணம் என்றால் நிறுத்து, தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு. கடைசி இரண்டின் வடிவமும் வேறு எதற்கும் வராது. பனி இறங்கிய நேரத்தில் எழுத்து மங்கிப்போனாலும் வடிவம் தெரியும்.

2. சின்னப் பலகை யாருடையது?

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். சிறிய செவ்வகம் தனக்கு நேர் மேலே உள்ள பலகையோடு மட்டும் சேர்ந்தது. நம் கம்பத்தில் 400 மீ என்பது முடக்குகளுக்கு உரியது, 30க்கு அல்ல. அதாவது முடக்குகள் 400 மீட்டர் தள்ளித் தொடங்குகின்றன, ஆனால் 30 இந்தக் கம்பத்திலேயே தொடங்கிவிட்டது. "இன்னும் 400 மீட்டர் இருக்கே" என்று அழுத்திக்கொண்டு போகக் கூடாது.

வெறும் தூரம் போட்டிருந்தால், ஆபத்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். எண்ணின் இரு பக்கமும் அம்புக்குறி இருந்தால், அவ்வளவு தூரத்துக்கு அது நீடிக்கும். லொறிப் படம் இருந்தால் லொறிக்கு மட்டும், நேரம் எழுதியிருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும்.

3. இரண்டு எச்சரிக்கை சேர்ந்து வந்தால்

ஒன்றைப் பார்த்து மற்றதை விடுவதற்கில்லை, இரண்டும் ஒன்றாகக் காத்திருக்கின்றன. செங்குத்து இறக்கமும் தொடர் முடக்கும் ஒரே கம்பத்தில் வந்தால், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். இறக்கப் பலகையில் 10% என்றிருந்தால், 100 மீட்டர் போவதற்குள் வீதி 10 மீட்டர் கீழே போகிறது. அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மேட்டில் ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவதும் இறங்குகிறவர் வேலை.

கல் விழும் பலகையோடு ஒடுங்கிய வீதிப் பலகையும் இருந்தால், மழைக்கு ஒதுங்கவோ அருவியைப் படமெடுக்கவோ அங்கே நிறுத்தாதீர்கள். சொன்னால் யார் கேட்கிறார்கள்!

அந்த 30ஐ உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த வேகத்தில்தான் போகவேண்டும் என்றில்லை. பனிமூட்டத்தில் 20 கூட அதிகமாகலாம்.

4. டவுனுக்குள்

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்கே ஒரு கோடு: வண்டியை விட்டுவிட்டுப் போக முடியாது, ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். கோடு இரண்டாகிக் குறுக்காக வெட்டினால் அதுவும் கூடாது. கீழே அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் தடை.

5. ஒன்றுக்கொன்று முரண்பட்டால்

மண்சரிவுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் வண்டி விடும்போது இது நடக்கும். தற்காலிகப் பலகை இருந்தால் பழையதை விட்டு அதைப் பின்பற்றுங்கள். பொலிஸ்காரர் கை காட்டினால் பலகை, சிக்னல் லைட் எல்லாம் அப்புறம்தான்.

பழகுவதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஹட்டன் பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால், ஒவ்வொரு கம்பத்தையும் கடக்கும் முன் வடிவம், சின்னப் பலகை, செய்யவேண்டியது என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். முதலில் பஸ் முந்திக்கொள்ளும்.