அனைவருக்குமான இசை அமர்வை நடத்துவது எப்படி?

ஒரு சமுதாயக் கூடம், நான்கைந்து தோற்கருவிகள், ஒரு சுருதிப் பெட்டி, பாடத் தெரிந்த இரண்டு பேர் ஆகியவை இருந்தால் எந்த ஊரிலும் வாரம் ஒருமுறை இசை அமர்வைத் தொடங்கிவிடலாம். அதில் வந்து அமரும் ஆட்டிசம் உள்ள சிறுவனுக்கும், சக்கர நாற்காலியில் வரும் இளம்பெண்ணுக்கும், மறதி நோயால் மகளின் பெயரையே மறந்துவிட்ட முதியவருக்கும் உண்மையாகவே இடம் இருக்கும்படி நடத்துவதுதான் கடினம். அந்த வேலையில் இறங்க நினைக்கும் சிறு அறக்கட்டளைகளுக்காகவும் தன்னார்வக் குழுக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இசைச் சிகிச்சை என்பது, அதற்கென முறையாகப் பயின்ற ஒருவர், ஒரு குறிப்பிட்ட நபரின் நிலையை மதிப்பிட்டு, அவருக்கென ஓர் இலக்கை வகுத்து, முன்னேற்றத்தைப் பதிவுசெய்துகொண்டே செய்யும் பணியாகும். பிரிட்டனில் அரசுப் பதிவு பெறாத எவரும் இசைச் சிகிச்சையாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாம் நடத்தும் இசை அமர்வு அப்படியன்று, எல்லாரும் சேர்ந்து இசைப்பதே அதன் நோக்கம். அதனால் மனம் இலேசாகலாம், கை அசைவு மேம்படலாம், ஆனால் அவற்றை முன்கூட்டியே வாக்களிக்க முடியாது. ஆகவே, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உங்களுடன் இல்லாத வரை, அறிவிப்புப் பலகையில் ‘சிகிச்சை’ என்ற சொல்லை எழுதாதீர்கள்.

பெற்றோர் நம்பிக்கையோடு கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதிலும் உங்களிடம் இருக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளைக் கொண்டு 9 நாடுகளில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஐந்து மாத இசைச் சிகிச்சை ஆட்டிசத்தின் முதன்மை அறிகுறிகளைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 26 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வோ, ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் இசைச் சிகிச்சை உதவக்கூடும் என்று கண்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல்கள் நம்மிடையே ஏராளமாக உலவுகின்றன. அவற்றை நம்பி மருந்தை நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டு என்பதால், அத்தகைய பேச்சுக்கு உங்கள் கூடத்தில் சிறிதும் இடம் தராதீர்கள்.

ஒருவரைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அரை மணி நேரமாவது அவருடனும் வீட்டாருடனும் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வியை முதலில் அவரிடமே கேட்டு, பிறகுதான் அம்மாவிடம் திரும்ப வேண்டும். அவர் பேசாதவராக இருந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது. எந்த ஓசை அவருக்கு ஒவ்வாது, குக்கர் விசிலா, மிக்சியா, பட்டாசா? வீட்டில் எந்தப் பாட்டுக்குத் தலையை ஆட்டுவார்? ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதை எப்படித் தெரிவிப்பார்? வலிப்பு வருவதுண்டா, வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கும்? காது கருவி அணிகிறாரா? இந்தப் பதில்களை ஒரு பக்கத்தில் எழுதி, அமர்வு நடத்தும் அனைவரும் படித்திருக்கச் செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, திருமண மண்டபம் போன்ற வெற்றுக் கூடங்கள் எதிரொலியால் ஓசையைப் பெருக்கிவிடும். கனத்த ஜமக்காளங்களை விரித்து, சுவரோரம் துணித் திரைகளைத் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். கதவு 90 சென்டிமீட்டர் அகலம் இருக்கிறதா என்றும், சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது கொண்டிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி போகாவிட்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்த இடம் உதவாது. ஓசை தாங்காதவர் எழுந்து போய் அமர ஒரு மூலையைப் பாயும் தலையணையும் போட்டு ஒதுக்கிவையுங்கள். அங்கே போவது தண்டனையாகத் தோன்றாதிருக்க, முதல் நாளன்றே எல்லாருக்கும் அதைக் காட்டிவிடுவது நல்லது.

கருவிகளைப் பெரிய செலவில் வாங்க வேண்டியதில்லை. கஞ்சிரா, உடுக்கை, ஜால்ரா, கோலாட்டக் குச்சி, சலங்கை ஆகியவை போதும். விரல்கள் மடங்கியே இருப்பவரின் மணிக்கட்டில் சலங்கையை வெல்க்ரோ பட்டையால் கட்டிவிட்டால், அவர் கையை அசைக்கும்போதெல்லாம் இசை பிறக்கும். பிடிப்பு வலுவில்லாதவருக்குக் கோலாட்டக் குச்சியின் அடியில் சைக்கிள் கைப்பிடி உறையை மாட்டிக் கொடுக்கலாம். கட்டை கட்டையாகக் கழற்றக்கூடிய சைலோபோன் கிடைத்தால் மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை (ச, ரி, க, ப, த) மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். அந்த ஐந்தில் எதை எதனோடு சேர்த்துத் தட்டினாலும் காதை உறுத்தாது என்பதால், முதல்முறை தொடுபவர்கூடத் தவறு செய்துவிட்டதாக உணரமாட்டார். வாயில் வைத்து ஊதும் கருவிகளைப் பலர் கைமாற்ற விடாதீர்கள்.

பறையைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதன் அதிர்வைக் காது கேளாதவரும் நெஞ்சிலும் வயிற்றிலும் உணர்வார்; அதை இசைக்கும் இரு குச்சிகளான அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் இரண்டு கைகளுக்கும் வெவ்வேறு வேலை தருகின்றன. பறையைத் தங்கள் பிள்ளை தொடக்கூடாது என்று சொல்லும் குடும்பங்களும் வரும். அதற்காகக் கருவியை அலமாரிக்குள் வைத்துவிட்டால், அனைவருக்குமான அமர்வு என்று நாம் சொல்வது பொய்யாகிவிடும். அந்தக் குடும்பத்துடன் பொறுமையாகப் பேசுங்கள், பறையிசைக் கலைஞர் ஒருவரை ஆசிரியராக அழைத்து உரிய சம்பளம் கொடுங்கள், பறை வட்டத்தின் நடுவிலேயே இருக்கட்டும்.

அமர்வு 45 நிமிடங்களைத் தாண்ட வேண்டாம். எட்டு முதல் பத்துப் பேர், நடத்துபவர் ஒருவர், மூவருக்கு ஒரு துணையாளர் என்ற கணக்கு நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு வாரமும் ஒரே வரவேற்புப் பாட்டுடன் தொடங்கி ஒரே பாட்டுடன் முடியுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிவது பலருக்குப் பெரிய ஆறுதல். வரவேற்புப் பாட்டில் ஒவ்வொருவர் பெயரையும் பாடி, அவர் விடையளிக்க இடைவெளி விடுங்கள். புதிதாக நடத்துபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மூன்று நொடி அமைதியைக்கூடப் பொறுக்க முடியாமல் அவருக்காக நாமே பாடிவிடுகிறோம், அல்லது அவர் கையைப் பிடித்துத் தட்டவைத்துவிடுகிறோம். பெருமூளை வாதம் உள்ளவருக்கு, தட்ட நினைப்பதற்கும் கை எழுவதற்கும் இடையே நெடுநேரம் ஆகலாம். ஆகவே, சுருதி ஒலித்துக்கொண்டிருக்க, நொடிக்கு ஓர் அட்சரமாக (ஓர் எண்ணிக்கையாக), எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தை மனத்துக்குள் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு சுற்று, எண்ணுங்கள். பதினாறு நொடிகள் முதலில் மிக நீளமாகத் தோன்றும். அதற்குள் ஒரு விரல் அசைந்தாலும், ஒரு மூச்சு மாறினாலும், அதுவே அவர் விடை. அதை உடனே நீங்கள் இசையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பால் நார்டாஃப் என்ற அமெரிக்க இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியரும் 1959இல் தொடங்கிய முறையின் உயிர்நாடியும் இதுவே: குழந்தை நம் தாளத்துக்கு வரவேண்டும் என்று எதிர்பார்க்காமல், குழந்தையின் தட்டலையும் அழுகையையும் தாளமாக எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி நாம் இசைப்பது. ஒருவன் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறான் என்றால், ‘தட்டாதே’ என்பதற்குப் பதில் அந்த வேகத்திலேயே ‘தகதிமி தகஜணு’ என்று சொற்கட்டு சொல்லுங்கள். அவன் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தான் நிறுத்தியதால்தான் நீங்கள் நிறுத்தினீர்கள் என்று அவனுக்குப் புரியும் கணத்தில் பெரும்பாலும் முகம் நிமிரும். அதன் பிறகு அவனை நடுவில் அமர்த்தி, அவன் கையை உயர்த்தினால் எல்லாரும் ஓங்கி வாசிப்பது, தாழ்த்தினால் அடங்குவது என்று குழுவையே அவன் பொறுப்பில் விடலாம். பேசாத ஒருவர் பத்துப் பேரை நடத்திச் செல்வதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

காது கேளாதவர்களுக்கு வெறுங்காலோடு மரப்பலகை மேல் நிற்கவும், பறையின் விளிம்பில் உள்ளங்கை வைக்கவும் வாய்ப்பளியுங்கள். காது கேளாத தாளக் கலைஞரான ஈவ்லின் கிளென்னி அதிர்வை உணர்வதற்காகக் காலணியின்றியே மேடையில் வாசிப்பவர். பார்வையற்றவரின் கையில் கருவியைத் திடீரென வைக்காமல், என்ன தருகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். மறதி நோய் உள்ள முதியவர்களுக்குப் பக்திப் பாடல்களே போதும் என்று நினைப்பது நம் வசதிக்கானது. அவர்கள் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள் கேட்ட திரைப்பாடல்களும் நடவுப் பாட்டுகளும் தாலாட்டுகளும்தான் பெரும்பாலும் முதலில் நாவில் வரும். பாடும்போது ஒருவர் அழுதால் பாட்டை மாற்றிவிட அவசரப்படாமல், அருகில் அமர்ந்து மெல்லத் தொடருங்கள்.

பாதுகாப்பில் தளர்வு கூடாது. கைபேசி ஒலிமானியில் 85 டெசிபலைத் தாண்டினால் கருவிகளைக் குறையுங்கள். வலிப்பு வந்தால் இசையை நிறுத்தி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரம் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும். எந்தத் துணையாளரும் ஒரு குழந்தையுடன் மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் அதைப் புகார் செய்வது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நம் கடமை என்பதைத் துணையாளர் ஒவ்வொருவருக்கும் சொல்லிவையுங்கள். நன்கொடையாளருக்கு அனுப்பப் படம் தேவைப்பட்டால், எழுத்துபூர்வமான சம்மதம் பெற்ற பிறகே எடுக்க வேண்டும். சம்மதம் தராதவர்களுக்கு இடம் மறுக்கவும் கூடாது.

ஆண்டு விழாவுக்காகப் பாதி அமர்வுகளை ஒத்திகையில் செலவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்கொடையாளர் பார்க்க விரும்பினால், வழக்கமான ஒரு நாளில் வந்து வட்டத்தில் உட்கார்ந்து ஜால்ரா தட்டட்டும்.

அமர்வு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். ‘நன்றாகப் பங்கேற்றார்’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. ‘பெயர் பாடியபின் பதினோராம் எண்ணில் வலக்கை எழுந்தது, சென்ற வாரம் இடக்கை’ என்று எழுதினால், அடுத்த வாரம் சலங்கையை எந்த மணிக்கட்டில் கட்டுவது என்று தெரியும். அந்த ஏட்டின் நகலை மாதம் ஒருமுறை வீட்டாரிடம் கொடுங்கள்.