பரோக் கட்டடக்கலை ஆய்வுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக், அதாவது 17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கிய பாணி. அந்தப் பரோக் கட்டடக்கலை வரலாற்றில் முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களின் ஆய்வேடுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. வருடாவருடம் புது முகங்கள், ஆனால் தவறுகள் மட்டும் பழசு. எங்கள் தலைமுறை தடுக்கி விழுந்த அதே இடத்தில்தான் இவர்களும் விழுகிறார்கள், அதே தைரியத்தோடு. அடிக்குறிப்பை விடுவது, பரோக்கையும் அதற்குப் பின் வந்த ரொக்கோக்கோ பாணியையும் குழப்புவது இதெல்லாம் இங்கே வராது; அவற்றை யாராவது ஒருவர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். யாரும் சுழிக்காமல் போய், கடைசியில் வருடக்கணக்கைத் தின்கிற தவறுகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மொழியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

ரோமைப் பற்றி எழுத இத்தாலிய மொழி வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெர்மனும் வேண்டும் என்பது பாதிப் பேருக்கு இரண்டாம் வருடத்தில்தான் உறைக்கிறது. பரோக்கைப் பற்றிய கல்விப்புல ஆய்வையே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள்தான் தொடங்கிவைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு ரோமின் கட்டடக்கலைஞர் பொர்ரோமினியின் வரைபடங்களில் பெரும் பங்கு வியன்னாவின் ஆல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோமிலேயே இந்தத் துறைக்கு மிகவும் உதவுகிற நூலகங்களில் ஒன்றான ஹெர்ட்ஸியானா ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகத்துடையது. இதற்கெல்லாம் மேலே 17-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து. வகுப்பில் கற்ற இத்தாலிய மொழி, சொற்சுருக்கங்கள் நிறைந்த ஒரு கொத்தனாரின் கணக்குக்கு முன்னால் ஐந்து நிமிடம் தாங்காது. பழைய கையெழுத்து வாசிக்கும் பயிற்சியை முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள்.

தாளை நம்பிக் கட்டடத்தை விட்டுவிடுவது

உண்மையைச் சொன்னால் இந்த ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் துணைக்கு.

கெட்டிக்கார மாணவர் ஒருவர். ரோமில் பொர்ரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயத்தைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதிக்கொண்டு வந்தார். 1638-இல் தொடங்கிய கட்டடம் அது. டிரினிட்டேரியன் துறவிகளுக்காக, நான்கு நீரூற்றுகள் நிற்கிற ஒரு நெருக்கடியான தெருமுனையில் கட்டியது. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு பெருந்தூண்களில் ஒன்றுக்குள்ளேயே இந்தத் தேவாலயம் முழுவதையும் வைத்துவிடலாம் என்பார்கள், அவ்வளவு சின்னது. சுவர் உள்ளே வளைந்து வெளியே நெளிந்து போகும். மேலே நீள்வட்டக் குவிமாடம். அடியில் இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டி நிற்கின்றன, அவற்றுக்குள் வட்டங்கள், அதிலிருந்துதான் எல்லாம் பிறந்தது என்ற விளக்கம் நெடுநாளாக இருக்கிறது. நம் ஆள் ஒரு புத்தகத்திலிருந்து தரைப்படத்தை ஸ்கேன் செய்து, கணினியில் அதன்மேல் கோடு இழுக்க ஆரம்பித்தார். முக்கோணம் சரியாக உட்கார்ந்தது. வட்டமும் உட்கார்ந்தது. உற்சாகத்தில் ஐங்கோணம் வந்தது, அப்புறம் 1:1.618 என்கிற தங்க விகிதமும் வந்துவிட்டது. தங்க விகிதம் வந்தாலே எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளாது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதிகம் பேசவில்லை. அந்தத் தரைப்படம் என்ன அளவுகோலில் இருக்கிறது என்று கேட்டார். 1:500. கோட்டின் தடிப்பு எவ்வளவு? அரை மில்லிமீட்டர் இருக்கலாம். அப்படியானால் உங்கள் கோடு ஒவ்வொன்றும் கட்டடத்தில் 25 சென்டிமீட்டர் அகலம், அந்தக் காலத்துச் சாண் அளவான ஒரு ரோமானியப் பால்மோவைவிட அதிகம், அவ்வளவு தடித்த கோடு எந்த வடிவத்தில்தான் பொருந்தாமல் போகும் என்றார். அடுத்து, முக்கோணத்தின் முனை எதைத் தொடுகிறது, சுவரின் பரப்பையா, தூணின் மையத்தையா, தூண் நிற்கும் பீடத்தின் விளிம்பையா என்று கேட்டார். பதில் இல்லை, ஏனென்றால் மாணவர் அந்த அத்தியாயத்தை எழுதும்வரை கட்டடத்துக்குள் ஒரு டேப்பைக்கூட நீட்டிப் பார்த்ததில்லை. அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்கள். அப்போது அவருடைய உதவித்தொகைக் காலம் முடிந்திருந்தது.

எனக்கு எரிச்சல் அந்த மாணவர்மேல் இல்லை. அதற்குப் பிறகும் இதே மாதிரிக் கோட்டோவியங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன, அழகான நிறங்களில், உயர்தரத் தாளில் அச்சாகி, பார்க்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

சரி, அச்சான தரைப்படம் வேண்டாம், பொர்ரோமினியே கையால் வரைந்ததை எடுத்துக்கொள்கிறேன் என்பீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. ஆல்பெர்ட்டினாவில் இருக்கும் சான் கார்லோ வரைபடங்களில் சில, கட்டடம் எழும்புவதற்கு முன் வரைந்தவை அல்ல. வெகுகாலம் கழித்து, 1660-களில், தன் கட்டடங்களைச் செப்புத்தகட்டு அச்சில் வெளியிடும் எண்ணத்தோடு அவர் மறுபடி வரைந்தவை என்று அறிஞர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த முக்கோணங்கள் 1638-இல் அவர் மண்டைக்குள் ஓடியதைச் சொல்கின்றனவா, இல்லை இருபது வருடத்துக்கும் மேல் கழித்து உலகம் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் விரும்பியதைச் சொல்கின்றனவா? இரண்டும் ஆய்வுக்குரியவைதான், ஆனால் ஒன்றல்ல.

அச்சுப்படங்கள் இன்னும் மோசம். ஃபால்டா என்ற செதுக்கோவியர் 1660-களில் செதுக்கிய ரோம் காட்சிகளை எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள். புனித பேதுரு சதுக்கத்தைக் காட்டும் அவருடைய படத்தில், சதுக்கத்தை வடிவமைத்த பெர்னினி திட்டமிட்ட மூன்றாவது தூண்வரிசை சதுக்கத்தின் வாயை அடைத்துக்கொண்டு கம்பீரமாக நிற்கும். அது கட்டப்படவே இல்லை. 1667-இல் போப் ஏழாம் அலெக்சாந்தர் இறந்ததும் அந்தத் திட்டமும் போயிற்று. இந்தப் படத்தின் கீழே ‘அன்றைய தோற்றம்’ என்று எழுதிய ஆய்வேடு ஒன்றை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

புகைப்படமும் தப்பவில்லை. சான் கார்லோவின் முகப்பை நேருக்கு நேர், நிமிர்ந்த கோணத்தில் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறுகலான தெருவில் அப்படி நின்று பார்க்க ஒரு இடமே கிடையாது. தெருவோடு நடந்து வருகிறவனுக்குப் பக்கவாட்டில்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். முகப்பின் வளைவுகளுக்கு அர்த்தமே அந்தச் சாய்ந்த பார்வையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நேர்ப்படத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவருக்கு இது கடைசிவரை தெரியாது.

என்ன செய்வது? அளந்து பாருங்கள். ஒரு லேசர் அளவி, பைனாகுலர், டார்ச், பென்சில் போதும். அனுமதி கேட்டு, ஒரு தூணையாவது அதன் பீடத்தோடு நீங்களே வரைந்து பாருங்கள். இரண்டாவது, கணக்குகளைப் படியுங்கள். ரோமில் வேலை முடிந்த பிறகு செய்ததையெல்லாம் அளந்து, நீளம் அகலம் கனம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு வைப்பார்கள். நம் ஊர்ப் பொதுப்பணித்துறையில் எம்-புக் என்பார்களே, கிட்டத்தட்ட அதே சாமான். கொத்தனார் கேட்ட தொகையை எங்கே குறைத்தார்கள் என்பதுகூட ஓரத்தில் இருக்கும். எந்தச் சுவரை இடித்துத் திரும்பக் கட்டினார்கள், எது செங்கல், எது கல்லைப் போலத் தெரியும்படி பூசிய சாந்து என்று அந்தக் கணக்கு சொல்லிவிடும், எந்த வரைபடமும் சொல்லாது. ரோம் அரசு ஆவணக்காப்பகம் இருப்பதே சப்பியென்சா மாளிகையில், பொர்ரோமினியின் சாந்த் இவோ தேவாலயம் நிற்கும் அதே முற்றத்தைச் சுற்றி. கணக்கைப் படித்துவிட்டு வெளியே வந்தால் கட்டடம் எதிரே நிற்கிறது, இதைவிட என்ன வசதி வேண்டும்?

அளவும் தேதியும்

ரோமின் பால்மோ ஏறக்குறைய 22.3 சென்டிமீட்டர், நேப்பிள்ஸின் பால்மோ சுமார் 26.4. ஐம்பது பால்மோ உயரம் என்று ஒரு நேப்பிள்ஸ் ஒப்பந்தத்தில் படித்துவிட்டு ரோம் அளவில் மாற்றினால் இரண்டு மீட்டர் காணாமல் போகும். தேதியும் இப்படித்தான். ஃபுளோரன்ஸில் 1750 வரும்வரை மார்ச் 25-இல்தான் புத்தாண்டு. அங்கே ‘1650 பிப்ரவரி’ என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1651. இது தெரியாமல், 1650 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணம் கொடுத்துவிட்டார்கள், அப்படியானால் உள்ளே ஏதோ ரகசிய ஏற்பாடு இருந்திருக்கிறது என்று கதை கட்டுகிறார்கள். ரகசியமும் இல்லை ஒன்றும் இல்லை, காலண்டர்தான்.

எல்லாவற்றையும் ஒரு மேதையின் தலையில் கட்டுவது

பவேரியாவில், மைன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் ஃபியர்ட்ஸேன்ஹைலிகன் யாத்திரைத் தலத்துக்குப் போனவர்கள், நடுக்கூடத்தில் நீள்வட்டங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் அழகைப் பார்த்துப் கட்டடக்கலைஞர் பால்தசார் நொய்மனின் கற்பனையைப் பக்கம் பக்கமாகப் புகழ்வார்கள். புகழட்டும். ஆனால் 1743-இல் அடிக்கல் நாட்டியபோது அவர் வரைந்தது அது அல்ல. களத்தில் வேலையை நடத்திய க்ரோனெ கட்டடத்தைத் திட்டத்திலிருந்து நகர்த்திவிட்டதால், நடுக்கூடமும் குறுக்குக்கூடமும் சந்திக்கும் இடத்தில் வந்திருக்க வேண்டிய புனிதத் தலம் நடுக்கூடத்தில் போய் மாட்டிக்கொண்டது. தலத்தை நகர்த்த முடியாது, புனிதர்கள் காட்சி கொடுத்த இடம் அதுதான் என்பது நம்பிக்கை. எழும்பத் தொடங்கிவிட்ட சுவர்களுக்குள், தவறான இடத்தில் வந்த அந்தப் பலிபீடத்தைச் சுற்றி நொய்மன் புதிதாக யோசித்ததுதான் நாம் இன்று வியக்கிற இடம். அவரும் 1753-இல் இறந்துவிட்டார், கோயில் நேர்ந்தளிக்கப்பட்டது 1772-இல். யார் குளறுபடி செய்தார், யார் பணம் கொடுத்தார், யார் முடித்தார் என்பதை விட்டுவிட்டு எழுதுவது ரசிகர் கடிதம்.

இன்று தெரிவதே அன்றும் தெரிந்தது என்று எண்ணுவது

கோவாவின் போம் ஜேசு பேராலயத்தின் செங்கற்சாயல் செம்புறைக்கல் சுவர் எல்லாப் படத்திலும் வரும். 1605-இல் முடிந்த அந்தக் கட்டடம் சுண்ணாம்புப் பூச்சோடுதான் இருந்தது. பூச்சை உரித்தது 1950-களில். கல்லின் முரட்டு அழகைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால் அது அந்த உரிப்பு வேலையைப் பற்றிய கட்டுரை. ஜெர்மனியின் வ்யூர்ட்ஸ்பர்க் அரண்மனையின் கண்ணாடி அறை 1945 குண்டுவீச்சில் அழிந்து 1987-இல் மீண்டும் உருவாகி முடிந்தது. புனித பேதுரு சதுக்கத்துக்கு நேராகப் போகும் அகலச் சாலை முசோலினி காலத்தில் வீடுகளை இடித்துத் திறந்தது. பெர்னினி காலத்து யாத்ரீகர் இருட்டுச் சந்துகளிலிருந்து திடீரென்று அந்த வெளிக்குள் வந்து விழுந்தார்.

சில்லறை இல்லாமல் தேவாலயத்துக்குப் போவது

இத்தாலியில் பல தேவாலயங்களில் காசு போட்டால்தான் விளக்கு எரியும். நாணயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ரோம்

பாதி பூட்டியிருக்கும். வேண்டாம்.

படங்களுக்கான பணத்தைக் கடைசியில் யோசிப்பது

புத்தகம் அச்சுக்குப் போகும்போது படங்களின் அனுமதிக் கட்டணத்தைப் பதிப்பகம் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் கட்டும். எந்தப் படம் யாருடையது, எவ்வளவு கேட்பார்கள் என்று எழுத ஆரம்பிக்கும் அன்றே ஒரு பட்டியல் போடுங்கள். பழைய அச்சுப்படங்களுக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் இரண்டும் இலவசமாகவே நல்ல தரத்தில் நிறைய வைத்திருக்கின்றன. கட்டடத்தை நீங்களே எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது.

பேராசிரியர் வேலை ஒன்றே வேலை என்று உட்கார்ந்திருப்பது

பரோக் கட்டடக்கலைக்கென்று பல்கலைக்கழக இடம் காலியாவது அபூர்வம், காலியானால் உலகமே விண்ணப்பிக்கும். மாநில நினைவுச்சின்னப் பாதுகாப்புத் துறைகள், அருங்காட்சியகங்களின் வரைபடப் பிரிவுகள், மறுசீரமைப்பு நிறுவனங்கள் இவற்றையும் ஆரம்பத்திலிருந்தே பாருங்கள். ஜெர்மனியில் நினைவுச்சின்னத் துறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் வொலோண்டாரியாட் என்ற பயிற்சிப் பணி உண்டு, வழக்கமாக இரண்டு வருடம். சம்பளம் குறைவு, ஆனால் சாரத்தின்மேல் ஏறிக் குவிமாடத்தின் முதுகைப் பார்க்கிற வாய்ப்பு எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காது. விண்ணப்பத்தில் கட்டுரைப் பட்டியலோடு நீங்கள் அளந்து வரைந்த படங்கள் நாலைந்தையும் சேர்த்து அனுப்புங்கள். தேர்வுக்குழுவில் நான் உட்கார்ந்தால் முதலில் புரட்டுவது அதைத்தான்.