பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பட்டையான ஐடிஇ கேபிள் உள்ள பழைய டெஸ்க்டாப்பா? இன்னொரு ஹார்ட் டிஸ்க் சேர்க்கும் முன் ஜம்பரைப் பாருங்கள். பெரும்பாலும் கேபிளும் பவரும் சொருகும் இடங்களுக்கு நடுவே உள்ள குட்டி பிளாஸ்டிக் மூடி அது. அதை வைத்து, விண்டோஸ் உள்ள டிஸ்க்கை மாஸ்டராகவும் (முதல் டிஸ்க்) மற்றதை ஸ்லேவாகவும் (இரண்டாவது டிஸ்க்) வையுங்கள். எந்தப் பின்னில் போடுவது என்று டிஸ்க்கின் லேபிளிலேயே படம் இருக்கும். இரண்டுமே மாஸ்டர் என்றால் பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) ஒன்றைக்கூடக் காட்டாமல் போகலாம். 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு மாஸ்டருக்கு, நடுவே இருக்கும் சாம்பல் ஸ்லேவுக்கு. மெல்லிய கேபிள் உள்ள புதிய வகையான சாட்டா டிஸ்க்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சென்னையில் கடலோரமாக ராயபுரம், காசிமேடு பக்கம் வீடு என்றால் உப்புக்காற்றில் பின்கள் களிம்பேறியிருக்கலாம், நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொருகுங்கள். பயாஸில் இரண்டும் தெரிந்த பிறகே கேபினெட்டை மூடுங்கள்.