எரிந்த புல்வெளியில் குளிர்காலப் பறவைகளைக் கணக்கெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் தென்கிழக்கில், பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்நிலங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திட்டமிட்டுத் தீ மூட்டுகிறார்கள். குளிர்காலத்தை அங்கே கழிக்கும் ஹென்ஸ்லோ சிட்டுகள், தீக்குப் பிந்தைய முதல் குளிர்காலத்தில்தான் மிகுதியாகத் தென்படுகின்றன. எரிந்த புல் மீண்டும் தழைத்துக் கதிர்விட்டு விதையை உதிர்ப்பதும், அதைப் பொறுக்க வெற்றுத்தரை கிடைப்பதும் அதற்குக் காரணங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் சருகு தரையை மூட மூட அவை குறைந்துவிடுகின்றன.

பெங்களூருக்கு வடமேற்கே உள்ள ஹெசரகட்டா புல்வெளியின் கதை வேறு. இங்கே புல் எரிவது மழை ஓய்ந்து எல்லாம் காய்ந்த பிறகு, எவருடைய திட்டமும் இன்றி, வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும்போதே நேர்கிறது. ஆகவே ‘எரிந்தது’, ‘எரியாதது’ என்று மட்டும் குறித்தால் போதாது. எப்போது எரிந்தது என்பதையும் எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். நம் அரைகுறைக் கன்னடத்துக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பிறகு ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பாருங்கள்: பதர் பறந்து மணி தங்கினால், அத்திட்டில் இன்னும் இரை இருக்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மாதம் ஒருமுறை, ஒரே பாதையில், காலை ஏழு மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். பலரும் சறுக்குவது எண்ணும் இடத்தில்தான். கரிந்த தரையில் நெட்டைக்காலியும் வானம்பாடியும் தொலைவிலிருந்தே கண்ணில் படும். முழங்கால் உயரப் புல்லிலோ அவை காலடியில் வந்த பிறகே எழும்பும். முதல் முறை நான் இதை மறந்து, எரிந்த திட்டில்தான் பறவைகள் அதிகம் என்று நம்பி வீடு திரும்பினேன். உண்மையில் அதிகமாக இருந்தது என் பார்வையின் வீச்சுதான். எனவே இரு வகைத் திட்டுகளிலும் பாதையின் இருபுறமும் இருபது மீட்டருக்குள் தென்படுவதை மட்டும் எண்ணுங்கள். அதற்கு அப்பால் உள்ளவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூனைப்பருந்துகளுக்கு இந்த முறை பொருந்தாது. உயரமான புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாக இராத்தங்கும் பறவைகள் அவை. அப்புல் எரிந்தால் இரையிருந்தும் படுக்க இடமிராது. மாலையில் புல்லுக்குள் இறங்காமல், பாதையோரம் நின்றபடியே அவை எந்தத் திட்டில் இறங்குகின்றன என்று பாருங்கள். இருட்டிய பிறகு டார்ச் அடிக்க வேண்டாம்.