உளவியல் ஆய்வுச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

"ஆய்வில் நிரூபணம்" என்று யாராவது அனுப்பினால் முடிவைப் படிக்காதீர்கள், யாரை வைத்துச் செய்தார்கள் என்று தேடுங்கள். கட்டுரை முழுசாகக் கிடைக்காவிட்டாலும் சுருக்கத்திலேயே பெரும்பாலும் அது இருக்கும்.

மார்ஷ்மெல்லோ சோதனை தெரியும்தானே? சின்னப் பிள்ளை முன்னால் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது. 1960களின் கடைசியில் உளவியலாளர் வால்டர் மிஷல் தொடங்கியது. பொறுத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்று 1990இல் ஒரு தொடர் ஆய்வு வர, மன உறுதிதான் எல்லாம் என்று ஊரெல்லாம் மேடைப்பேச்சு. ஆனால் அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் படித்தவர்கள், எல்லா வகைக் குடும்பப் பிள்ளைகளும் அல்ல. 2018இல் டைலர் வாட்ஸ் குழு 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது பொறுமைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு ஏறக்குறைய பாதியானது, குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும் மிஞ்சியதிலும் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. அதற்கு முன்பே, 2013இல் வந்த இன்னொரு சோதனையில், சொன்ன வாக்கைக் காப்பாற்றாத பெரியவரைப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம்தான் பொறுத்தார்கள், மற்றவர்கள் 12 நிமிடம். ஏமாந்த பிள்ளை கிடைத்ததைத் தின்பதுதானே புத்திசாலித்தனம்! (இதில் இருந்ததும் 28 பிள்ளைகள்தான், ஆகவே இதையும் அப்படியே விழுங்க வேண்டாம்.)

அப்புறம், அளந்தது யார்? முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்றது உளவியலாளர் ஜான் பார்ஜ் குழுவின் 1996 ஆய்வு. 2012இல் பிரஸ்ஸல்ஸில் இதையே திரும்பச் செய்து, ஸ்டாப்வாட்ச்சுக்குப் பதில் அகச்சிவப்புக் கருவியால் அளந்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த சோதனையில், 'இவர்கள் மெதுவாக நடப்பார்கள்' என்று சோதனை நடத்துபவரையே நம்பவைத்தபோது மட்டும் நடை உண்மையிலேயே மெதுவானது. எனவே, யார் எந்தக் குழு என்று அளப்பவருக்குத் தெரியாமல் மறைத்தார்களா என்று பாருங்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் நான் சந்தேகப்படுவேன்.

மூன்றாவது கொஞ்சம் தந்திரமானது. பத்து விஷயத்தை அளந்து ஒத்துவந்த ஒன்றை மட்டும் சொல்வது, முடிவு சரியாக வரும்வரை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவது, இதெல்லாம் மோசடி என்ற எண்ணமே இல்லாமல் நடக்கும். 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதே வழிகளில், ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது சுமார் ஒன்றரை ஆண்டு குறைந்ததாகவே 'நிரூபித்து'க் காட்டினார்கள், வேண்டுமென்றேதான்.

அதனால் ஆய்வின் பெயரோடு 'ரெப்ளிகேஷன்' (அதே ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பது) என்று சேர்த்துத் தேடுங்கள். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது, புள்ளியியல் கணக்குப்படி தேறியது 36 சதவீதம்தான். தரவு சேகரிக்கும் முன்பே திட்டத்தைப் பதிவு செய்தார்களா என்றும் பாருங்கள். பதிவு இருந்தால் அதையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள், அளக்கப்போவதாகச் சொன்னது ஒன்று, கடைசியில் அச்சில் வந்தது வேறொன்று என்பதும் நடக்கிறது.