இட்லித் தட்டின் நிழலைப் படமெடுப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கல்யாணப் படம் எடுப்பது என் பிழைப்பு. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்காக அசையும் சிற்பம் செய்து, படமெடுக்க வழி கேட்டு வருவார்கள். பொருளை விடுங்கள், அது சுவரில் போடும் நிழலை எடுங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

இது என் சரக்கில்லை. ஹங்கேரியக் கலைஞரான லாஸ்லோ மொஹோலி-நாஜ் 1930இல் ஓர் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தார். ஓட்டை போட்ட உலோகத் தகடுகளும் கண்ணாடியும் மோட்டாரில் சுழலும். அவருக்கு வேண்டியது அது வீசும் ஒளி. அதைக் கறுப்பு வெள்ளையில் திரைப்படமாகவும் எடுத்தார். அதைப் பார்த்து இயந்திரத்தின் முழு உருவத்தை யாரும் வரைந்துவிட முடியாது.

நமக்கு ஓர் அலுமினிய இட்லித் தட்டு போதும். அலங்காரக் கடையில் விற்கும் கண்ணாடி உருண்டையைச் சுழற்றும் மோட்டார், பேட்டரியில் ஓடுவது, அதில் தட்டை நிமிர்ந்து தொங்கும்படி நூலில் கட்டுங்கள். ஏழரைக்கு மேல், நன்றாக இருட்டியபின், விளக்கையும் காற்றாடியையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு டார்ச் வையுங்கள். டார்ச்சின் முகம் சிறிதாக இருந்தால்தான் நிழல் கூர்மையாக விழும். டியூப் லைட் இதற்கு ஆகாது. ஃப்ளாஷைத் தொடவே வேண்டாம்.

இப்போது சுவரைக் கவனியுங்கள். தட்டு டார்ச்சுக்கு முகம் காட்டும்போது அதன் ஓட்டைகள் வழியே விழும் ஒளிப்புள்ளிகள் கிட்டத்தட்ட நிற்கும். பக்கவாட்டில் திரும்பத் திரும்ப நடுவை நோக்கி ஓடும். ஒரு சுற்றுக்கு 20 விநாடி என்றால், முகம் காட்டும் நொடியில் ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் கதவை, திறந்து 5 விநாடி, அதாவது கால் சுற்று, விடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வால் முளைத்திருக்கும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8இல் தொடங்கி, வெளிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். முக்காலி கட்டாயம். முழுச் சுற்றும் திறந்து வைத்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும்; எனக்கு அது பிடிப்பதில்லை.

இன்னொரு வகை, சிற்பி நவும் காபோ 1919-20இல் மாஸ்கோவில் செய்தது. ஒரே ஓர் எஃகுக் கம்பி, அடியில் மோட்டார். அதிரும்போது கம்பி மறைந்து, காற்றில் வளைந்த ஓர் உருவம் தெரியும். ஷட்டரை 1/1000 விநாடி மட்டும் திறந்து எடுத்தால் வெறும் கம்பிதான் கிடைக்கும், சிற்பம் கிடைக்காது. 1/15 அல்லது அதைவிட மெதுவாக, கறுப்புத் துணிக்கு முன்னால், பக்கத்திலிருந்து ஒளி கொடுத்து எடுங்கள். அப்புறம் ஒரு சங்கதி: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். அந்த வெளிச்சத்தில் அதிரும் கம்பி வழவழப்பாக விழாமல் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து விழும். பேட்டரி டார்ச்சாக இருந்தாலும் வெளிச்சத்தைக் குறைக்காமல் முழுசாக எரிய விடுங்கள். குறைத்தால் அதுவும் பல நேரம் துடிக்கும்.

ஒளிக்கற்றையே தெரிய வேண்டுமா? கொஞ்சம் சாம்பிராணி போடுங்கள். ஒரு சிட்டிகை போதும், புகை அதிகமானால் கறுப்பெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

கைப்பேசிக்காரர்களுக்கும் இதே கணக்குதான். ப்ரோ மோடில் ஷட்டரை நீங்களே வைத்து, ஃபோகஸைச் சுவரில் பூட்டிவிட்டு, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள்.